சனி நல்லது, ஞாயிறு மோசம்: வார இறுதி மலை வானிலையை எப்படிப் படிப்பது?

ஜூலை 8, செவ்வாய், மாலை 6.10 (ஒரு வாசகரின் கேள்வி)

வானிலைச் செயலிகளில் சனிக்கிழமைக்கு வெயில் படமும் ஞாயிற்றுக்கிழமைக்கு இடிமழைப் படமும் காட்டுகிறார்கள். நாங்கள் மூன்று பேர். வெள்ளி இரவு ஆல்ப்ஸ் மலையில் 2,900 மீட்டரில் உள்ள மலைக்குடிலில் தங்கி, சனிக்கிழமை அதிகாலை புறப்பட்டு, பனியாற்றைக் கடந்து, நீண்ட பாறை முகட்டின் வழியாக 3,900 மீட்டர் உச்சியை அடைந்து, பிற்பகலில் குடிலுக்குத் திரும்பிவிடுவோம். ஞாயிறு காலை நனைந்துகொண்டே பள்ளத்தாக்குக்கு இறங்குவதில் ஒரு கேடும் இல்லை. ஆகவே இந்த வார இறுதி எங்களுக்கு ஏற்றது என்றே கருதுகிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூலை 8, செவ்வாய், இரவு 9.40

மறுக்கிறேன். சனிக்கும் ஞாயிறுக்கும் இடையில் நள்ளிரவில் ஒரு கோடு இருப்பது நம் நாட்காட்டியில்தான். மேற்கிலிருந்து வரும் குளிர்முகப்பு, அதாவது வெதுவெதுப்பான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. நான்கு நாட்களுக்கு முன்பே சொல்லப்படும் முகப்பு வரும் என்பதில் பெரும்பாலும் தவறு நேர்வதில்லை. வரும் நேரத்தில் ஆறு மணி, சில வேளைகளில் பன்னிரண்டு மணி நேரம்கூட முன்பின்னாக நேர்கிறது. உங்கள் திட்டத்தில் குடிலுக்குத் திரும்பும் நேரத்துக்கும் ஞாயிறு தொடங்குவதற்கும் இடையில் உள்ள இடைவெளி ஏறத்தாழ அதே அளவுதான்.

இன்னொன்று: அந்த வெயில் படம் எந்த உயரத்துக்கு உரியது? பெரும்பாலான செயலிகளில் அது பள்ளத்தாக்கில் உள்ள ஊருக்கு உரியது. அதுவும் பகல் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிய சுருக்கம். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை வெயில் அடித்து, அதன்பின் ஒரு மணி நேரம் இடி இடித்தாலும் அந்த நாளுக்கு வெயில் படம் கிடைக்கும். ஊரில் இருப்பவருக்கு அது நியாயமான சுருக்கமே. முகட்டில் நிற்பவருக்கு அந்த ஒரு மணி நேரமே முழு நாள்.

ஜூலை 9, புதன், காலை 6.15

படங்களை விட்டுவிட்டுக் குழுமக் கணிப்பைப் பாருங்கள். ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி, ஒரே வானிலையை 51 முறை கணக்கிடுகிறது. இன்று காலை நான் பார்த்தபோது, உங்கள் பகுதியில் மழை தொடங்கும் நேரம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி முதல் ஞாயிறு காலை ஆறு மணி வரை பரவிக் கிடந்தது. நடுவில் இருப்பது நள்ளிரவு. செயலி அந்த நடு மதிப்பை எடுத்துக்கொண்டு, சனி நல்லது என்று எழுதிவிட்டது.

மலையேறுபவர் பார்க்க வேண்டியது முந்திவரும் கணிப்புகளை. 51இல் ஒன்றோ இரண்டோ மட்டும் மூன்று மணி என்று சொன்னால் நானும் தயங்கிக்கொண்டே போவேன். பத்துக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்தால், அந்த நேரத்தையே முகப்பு வரும் நேரமாக எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டத்தைப் போடுவேன். இந்த எண்ணிக்கை எந்த விதியும் அல்ல; பல ஆண்டுப் பழக்கத்தில் நான் வைத்துக்கொண்ட அளவு.

ஜூலை 9, புதன், பிற்பகல் 1.05

எந்தக் கணினி மாதிரி சிறந்தது என்ற கேள்வி வந்திருக்கிறது. இரண்டு நாட்களுக்குள் என்றால் 1 அல்லது 2 கிலோமீட்டர் கட்டம் கொண்ட மாதிரிகள். அதற்கு அப்பால் 9 கிலோமீட்டர் கட்டம் கொண்ட பெரிய மாதிரி. 9 கிலோமீட்டர் கட்டத்தில் 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் போன்ற ஒடுங்கிய சிகரம் இல்லவே இல்லை. அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளோடு சேர்த்துச் சராசரியாக்கப்பட்டு ஒரு தாழ்ந்த மேடாகத்தான் கணக்கில் இருக்கிறது. எனவே அந்தப் புள்ளிக்கு உரியதாகத் தரப்படும் தரைக்காற்று வேகத்தை நம்பாமல், திறந்த வெளிக் காற்றை உயர வாரியாகப் பாருங்கள். கணிப்புகளில் இந்த உயரங்களைக் காற்றழுத்த அலகான ஹெக்டோபாஸ்கலில் குறிப்பார்கள்: 700 ஹெக்டோபாஸ்கல் மட்டம் ஏறத்தாழ 3,000 மீட்டரிலும், 600 ஹெக்டோபாஸ்கல் மட்டம் ஏறத்தாழ 4,200 மீட்டரிலும் இருக்கும். முகட்டின் மேலும் கணவாய்களிலும் காற்று நெருக்கப்பட்டு, அந்த எண்ணையும் தாண்டும்.

ஜூலை 9, புதன், இரவு 10.30

உறைநிலை உயரத்தைப் பற்றி, அதாவது காற்றின் வெப்பம் சுழியப் பாகைக்கு இறங்கும் உயரத்தைப் பற்றி, யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுவே கவலை. வெள்ளி இரவு அது 4,300 மீட்டருக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். உச்சியே 3,900 மீட்டர் என்னும்போது, வழி முழுவதும் காற்று உறைநிலைக்கு மேல். பனியாற்றின் பிளவுகளை மூடிக் கிடக்கும் பனிப்பாலங்கள் இறுகா, பாறைகளைப் பிடித்து வைத்திருக்கும் பனி தளரும், 3,400 மீட்டரில் பனி உறையாது.

இது வழக்கத்துக்கு மாறான உயரம் என்று சொல்ல முடியாத காலத்துக்கு வந்துவிட்டோம். சுவிட்சர்லாந்தின் அளவைகளில் 2022 ஜூலை 25 அன்று உறைநிலை 5,184 மீட்டருக்கு ஏறிச் சாதனை படைத்தது; மறு ஆண்டே, 2023 ஆகஸ்ட்டில், அது 5,298 மீட்டரை எட்டியது. மோன் பிளாங் உச்சியே ஏறத்தாழ 4,806 மீட்டர்தான். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மார்மோலாடா மலையில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்து பதினொரு பேர் இறந்ததும் நீண்ட வெப்பக் காலத்தின் இடையில்தான். அன்று பிற்பகல் அந்த மலையில் இடியோ மழையோ இல்லை. வெயில் படம் போடத்தக்க நாள் அது.

ஜூலை 10, வியாழன், காலை 5.50

நேற்று இரவு அவசரத்தில் ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டேன். "3,400 மீட்டரில் பனி உறையாது" என்பது அப்படியே நிற்காது. உறைநிலை உயரம் காற்றின் வெப்பத்தைச் சொல்கிறது; பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. வானம் தெளிந்தும் காற்று உலர்ந்தும் இருந்தால், காற்று உறைநிலைக்கு இரண்டு மூன்று பாகை மேலே இருக்கும்போதே பனியின் மேற்பரப்பு இறுகிவிடும். முகில் மூடினால் அந்த இழப்பு நின்றுவிடும். உறைநிலை உயரம் குறைவாக இருந்தாலும் பனி கஞ்சியாகவே கிடக்கும்.

இதை நான் காலால் கற்றேன். ஓராண்டு ஜூனில், உறைநிலை 3,900 மீட்டர் என்று படித்து மனம் தளர்ந்து, 2,900 மீட்டர் குடிலிலிருந்து அதிகாலை மூன்று மணிக்கு வெளியே வந்தால், விண்மீன்கள் கொட்டிக் கிடக்க, காலணிக்கு அடியில் மாட்டும் கிராம்பானின் இரும்பு முட்கள் கிறீச்சிடும் அளவுக்குப் பனி இறுகியிருந்தது. அடுத்த வாரம் உறைநிலை 3,500 என்று குறைந்ததால் மகிழ்ச்சியோடு அதே குடிலுக்குப் போனோம். இரவு முழுவதும் மெல்லிய முகில் படலம். ஒரு மணி நேர நடையில் முழங்கால் வரை பத்து முறைக்கு மேல் புதைந்து, கயிற்றின் முன்முனையில் இருந்த தோழர் ஒரு பனிப்பிளவில் இடுப்பு வரை இறங்கியபின் திரும்பினோம்.

ஆகவே வெள்ளி இரவுக்கான முகில் கணிப்பை உறைநிலையோடு சேர்த்துப் படியுங்கள். இறுகும் அந்தப் படலம் மெல்லியது என்பதையும் மறக்க வேண்டாம். கிழக்குச் சரிவில் சூரியன் பட்டு இரண்டு மணி நேரத்தில் அது போய்விடும்.

ஜூலை 10, வியாழன், இரவு 7.20

காற்று. சனிக்கிழமை காலை 4,000 மீட்டரில் மணிக்கு 30 கிலோமீட்டர், நண்பகலில் 60 என்கிறது கணிப்பு. இரட்டிப்பு என்று படித்தால் ஏமாற்றும். உடல்மேல் காற்று தரும் அழுத்தம் வேகத்தின் இருமடி விகிதத்தில் வளர்வதால், அது நான்கு மடங்கு. குளிரைப் பொறுத்தவரை இந்த வாரம் அச்சமில்லை. குளிர் மாதங்களில் ஏறுபவர்களுக்காக மட்டும் சொல்கிறேன்: காற்று உறைநிலைக்குக் கீழ் 10 பாகையில் இருக்கும்போது 30 கிலோமீட்டர் வேகம் தோலுக்கு ஏறத்தாழ 20 பாகை உறைகுளிராகவும், 60 கிலோமீட்டர் வேகம் ஏறத்தாழ 23 பாகை உறைகுளிராகவும் படும்.

2018 ஏப்ரல் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பீன்-தரோலா சிகரப் பகுதியில் பனிச்சறுக்கில் மலை கடந்த குழு ஒன்று புயலில் வழி தவறித் திறந்த வெளியில் இரவைக் கழித்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்கள் தேடிய குடில் சில நூறு மீட்டர் தொலைவில் இருந்தது. காற்றும் குளிரும் பார்வையிழப்பும் ஒன்றாக வரும்போது என்ன ஆகும் என்று எண்ண வேண்டிவரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொலைவே நினைவுக்கு வருகிறது.

ஜூலை 11, வெள்ளி, காலை 7.00

புதிய கணிப்பு வந்துவிட்டது. முகப்பு முன்னே நகர்ந்திருக்கிறது. முந்திவரும் கணிப்புகள் இப்போது சனிக்கிழமை பிற்பகல் ஒன்று, இரண்டு மணியில் குவிகின்றன. அதோடு, முகப்புக்கு முன்னால் தனித்தனியாக இடிமுகில்கள் எழும் வாய்ப்பையும் வானிலையாளர் தம் உரையில் எழுதியிருக்கிறார். அந்த உரையைத்தான் அனைவரும் படிக்க வேண்டும். "பிற்பகலில்" என்பதற்கும் "நண்பகலிலிருந்து" என்பதற்கும், "தனித்தனியாக" என்பதற்கும் "பரவலாக" என்பதற்கும் இடையே அவர் வேறுபாடு காட்டுகிறார். செயலியின் படத்தில் அது இல்லை.

தென்மேற்குக் காற்று வலுப்பதால், ஆல்ப்ஸின் முதன்மை மலைத்தொடரின் வடக்குப் பக்கத்தில் ஃபென் காற்று இறங்கும். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்ந்தவர்களையும் ஏமாற்றுவது இந்த வானிலைதான். தெற்குச் சரிவில் ஏறும் காற்று ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, வடக்கே இறங்கும்போது 100 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் சூடாகி உலர்ந்துபோகிறது. அதனால் வடக்கில் நிற்பவர் தலைக்குமேல் நீல வானத்தையும், நூறு கிலோமீட்டர் தொலைவுச் சிகரத்தைக் கையெட்டும் தூரத்தில் காட்டும் தெளிவையும் பார்க்கிறார். தெற்கே தொடரின் மேல் சுவர்போல ஒரு முகில் வரிசை அசையாமல் நிற்கும். அது நெருங்குவதில்லை என்பதால் காலம் இருக்கிறது என்று மனம் சொல்லும். முகப்பு வந்து ஃபென் முறிந்தவுடன், தெளிவிலிருந்து மூட்டத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. என் இருபதுகளில் இப்படி ஒரு நாளில், இதைவிட அழகான காலை இல்லை என்று எண்ணிக்கொண்டு நிழற்படம் எடுக்க அரை மணி நேரம் செலவிட்டேன். அந்த அரை மணி நேரத்தைப் பிற்பகலில், ஆலங்கட்டி மழையில் ஈரக் கயிற்றைப் பிடித்து இறங்கியபோது, ஒவ்வொரு நிமிடமாகத் திருப்பிக் கேட்டேன்.

ஜூலை 11, வெள்ளி, பிற்பகல் 12.40

கேள்வி கேட்டவருக்கு நேராக: நீண்ட முகட்டை விடுங்கள். அது குறுக்கே இறங்க வழியில்லாத பாதை. பாதியில் வானிலை மாறினால் முன்னே போவதும் பின்னே வருவதும் ஒரே அளவு நேரம் எடுக்கும். அதே குடிலிலிருந்து கணவாய் வழியாக 3,500 மீட்டர் சிகரம் ஒன்று இருக்குமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்திலும் திரும்பி ஒன்றரை மணி நேரத்தில் கீழே வரலாம். கணிப்பு உறுதியாகும்வரை காத்திருந்து பெரிய வழியில் போவதைவிட, கணிப்பு தளர்ந்திருக்கும்போது அந்தத் தளர்வைத் தாங்கும் வழியைத் தேர்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. நானும் தோழரும் நாளை வேறொரு குடிலிலிருந்து அப்படித்தான் போகிறோம். பத்தரை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 12, சனி, இரவு 8.15

பள்ளத்தாக்கில் இருக்கிறேன். நடந்ததை நேர வரிசையில் எழுதுகிறேன்.

அதிகாலை இரண்டரை மணிக்கு எழுந்தபோது, படுக்கும்முன் குடிலின் உயரத்துக்குச் சரிசெய்து வைத்திருந்த என் உயரமானிக் கடிகாரம் 35 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. அது காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைக் கணக்கிடுகிறது. குடில் ஏறவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது. 3,000 மீட்டர் அளவில் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 11 மீட்டருக்குச் சமம் என்பதால், இரவுக்குள் மூன்றுக்குமேல் குறைந்துவிட்டது. வானம் தெளிவு, பனி இறுக்கம், காற்று இல்லை. புறப்பட்டோம்.

ஏழு நாற்பதுக்குத் தென்மேற்கில் வில்லை வடிவ முகில்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. மேலே காற்று வலுத்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நாங்கள் நின்ற இடத்தில் தீக்குச்சி அணையாத அமைதி. ஒன்பது பத்துக்கு, நடு உயரத்தில் கோட்டைக் கொத்தளம்போலத் தலைநிமிர்ந்த சிறு முகில்கள். காலை ஒன்பது மணிக்கே முகில் செங்குத்தாக வளர்கிறது என்றால், காற்று மண்டலம் நிலைகுலைந்து இருக்கிறது என்று பொருள். உச்சிக்கு 150 மீட்டர் உயரம் பாக்கி. தோழர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். மணி ஒன்பதரை.

முதல் இடி பன்னிரண்டு இருபதுக்கு. அப்போது பனியாற்றின் கடைசித் திருப்பத்தைக் கடந்து கற்குவியலில் இருந்தோம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒன்பது வினாடிகள் எண்ணினேன். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் மூன்று கிலோமீட்டர். அடுத்ததில் ஐந்து வினாடிகள்.

ஜூலை 12, சனி, இரவு 10.50

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி வந்தது. மூவரும் கணவாய் வழியைத் தேர்ந்து, எட்டே முக்காலுக்கு 3,500 மீட்டர் உச்சியில் இருந்து, பதினொன்றரைக்குக் குடிலுக்குத் திரும்பிவிட்டார்கள். முகட்டில் வேறு இருவர் போனார்களாம். நான்கு மணிக்குத்தான் நனைந்து, நடுங்கி, உயிரோடு வந்தார்களாம். படிக்கும்போது என் கை நடுங்கியது.

ஜூலை 13, ஞாயிறு, காலை 9.30

இரவு முழுவதும் ஒரு கணக்கு என்னை விடவில்லை. ஒன்பதரைக்குத் திரும்பினோம், இடி பன்னிரண்டு இருபதுக்கு. இடையில் இரண்டு மணி ஐம்பது நிமிடம். 150 மீட்டர் ஏற நாற்பது நிமிடம், அதே இடத்துக்குத் திரும்ப இன்னொரு அரை மணி. அவசரப்பட்டுவிட்டோமா?

எழுதிப் பார்த்தபின் எனக்குத் தெரிவது இது: உச்சிக்குப் போயிருந்தால், முதல் இடியின்போது பனியாற்றின் நடுவில், இளகிய பனிப்பாலங்களுக்கு இடையே, கையில் பனிக்கோடரியோடு நின்றிருப்போம். அங்கே ஓட முடியாது. ஒதுங்க இடமும் இல்லை. பத்தரை என்று நான் வெள்ளியன்று எழுதிய நேரமே ஒரு மணி நேரம் தாராளமானது. அந்த நேரத்தைக் கணிப்பைப் பார்த்து வைத்தேன். பனியாற்றைக் கடக்க ஆகும் நேரத்தைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இது வெள்ளிக் குறிப்புக்கு நான் செய்யும் திருத்தம்.

இடி நின்றபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் என்பது பொதுவான அறிவுரை. தனி இடிமுகிலுக்கு அது பொருந்தும். முகப்போடு வரும் கெட்ட வானிலை நாட்கணக்கில் நீடிக்கலாம். அங்கே காத்திருப்பது உதவாது. 1961 ஜூலையில் மோன் பிளாங்கின் ஃப்ரேனே நடுத்தூண் என்ற செங்குத்துப் பாறையில் இத்தாலிய மலையேறி வால்டர் பொனாட்டி உள்ளிட்ட ஏழு பேர் தூணின் உச்சிக்குச் சற்றுக் கீழே இடிப்புயலில் சிக்கி, தெளியும் தெளியும் என்று நாட்கணக்கில் காத்திருந்தார்கள். பின்வாங்கி இறங்கும் வழியில் நான்கு பேர் இறந்தார்கள். ஏழு பேரும் தேர்ந்தவர்கள். வலிமையிலோ துணிவிலோ குறையில்லை.

ஜூலை 15, செவ்வாய், இரவு 9.00

அடுத்த வார இறுதிக்கு உயர் அழுத்தம், இரண்டு நாளும் வெயில் என்று படம் வந்துவிட்டது. முகட்டுக்கு இப்போது போகலாமா என்று அதே வாசகர் கேட்கிறார்.

ஞாயிறன்று உறைநிலை 2,900 மீட்டருக்கு இறங்கியது. பனி பொழியும் எல்லை உறைநிலைக்கு 200, 300 மீட்டர் கீழே வரை வரும். கனமழையில் இன்னும் கீழே. நேற்றுக் காலை நான் தொலைநோக்கியில் பார்த்தபோது 2,600 மீட்டர் வரை வெள்ளை. உங்கள் முகட்டின் தெற்குப் பாறைகள் இரண்டு வெயில் நாளில் உலர்ந்துவிடும். வடக்கு நோக்கிய இடுக்குகளில் பகலில் உருகி இரவில் உறைந்து, கண்ணாடிபோல மெல்லிய பனிப்படலம் பாறைமேல் படியும். கணிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வார இறுதி வரை இருக்கும். வியாழன் மாலை குடில் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, முகட்டின் வடக்குப் பக்கத்தில் வெள்ளை எதுவரை தெரிகிறது, இந்த வாரம் யாராவது அதில் போய் வந்தார்களா என்று கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே எழுதினால், வெள்ளி காலைக் கணிப்பையும் வைத்து நேரத்தைக் கணக்கிடுவோம். இம்முறை பனியாற்றைக் கடக்கும் நேரத்தை முதலில் கழித்துவிட்டு.